வேலி தாண்டிய பாலைவனம்

வளைகுடா நாட்டில் லாரி ஓட்டிவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பிய என் தம்பி, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையோரத்தில் நிலம் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். கடைசியில் ஒரு உருப்படியான காரியம் செய்தான் என்று நினைத்தோம். நேரில் போய்ப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. சீமைக் கருவேலத்தைத் தவிர எதுவும் முளைக்காத சுண்ணாம்புக்கல் பூமி அது. கடப்பாரையைப் போட்டால் கடப்பாரைதான் வளையும். நிலத்தை விற்றவர், வாங்கியவனுக்கு மனசு மாறிவிடப் போகிறதே என்று பயந்து, கையெழுத்துப் போட்ட கையோடு திருச்சிக்கு பஸ் ஏறிவிட்டாராம்.

"இதுல என்னடா போடப் போற? பருத்தியா, சோளமா?" என்றேன்.

"எதுவும் போடமாட்டேன்க்கா. அதான் பிளானே. இங்க பாலைவனம் கட்டப் போறேன்."

வீடு கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மண்டபம், காலேஜ், கோயில் கட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பாலைவனம் கட்டுகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவன் கையை விரித்து விரித்து விளக்கினான். இங்கே மணல்மேடு. அங்கே வெள்ளைக் கூடாரங்கள். நடுவில் ஈச்சமரங்கள். ஓர் ஒட்டகம். ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து ஒருநாள் தங்கிவிட்டுப் போவார்கள். ரிசார்ட் என்று சொன்னால் சின்னதாகத் தெரியுமாம். அதனால் நகரம் என்றே பெயர் வைக்கப் போகிறானாம்.

"குளுருக்குன்னு ஊட்டி இருக்கு, கொடைக்கானல் இருக்கு. வெயிலுக்குன்னு யாராச்சும் ஒரு எடம் வெச்சிருக்காங்களா?"

என் கணவர் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கிறவர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வெயிலுக்குத் தனியா டிக்கெட் எடுத்துப் போவணுமா மாப்ள? வூட்டு வாசல்ல நின்னா போதாதா?"

"அது சாதா வெயில் மாமா. இது டூரிஸ்ட் வெயில்."

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் தமிழ் டீச்சர். அரசுப் பள்ளியில் முப்பது வருடமாக ஐந்திணை நடத்துகிறவள். தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், நாலுக்கும் சொந்த நெலம் உண்டு. பாலைக்குன்னு தனியா நெலமே கெடையாதுடா. குறிஞ்சியும் முல்லையும் வெயில்ல காஞ்சு போனா அதுக்குப் பேருதான் பாலை" என்றேன்.

"பாத்தியா! பாவம், நெலமில்லாம இருந்துருக்கு. நான் வாங்கிக் குடுத்துட்டேன்" என்றான்.

அந்த நிமிடத்திலிருந்து நான் அந்த நகரத்தின் தலபுராண ஆசிரியை ஆகிவிட்டேன். நுழைவாயில் பக்கத்துச் சுவரில் வரலாறு எழுத வேண்டுமாம். வரலாறு இல்லாத இடத்துக்கு வெளியூர்க்காரன் வரமாட்டானாம்.

"அரபு வணிகருங்க ஒட்டகத்துல இந்த வழியாத்தான் போனாங்கன்னு எழுதுக்கா."

"எங்கடா போனாங்க?"

"செயங்கொண்டம் வரைக்கும் போனாங்கன்னு வெச்சுக்கயேன்."

"எதுக்கு?"

"ஏதாச்சும் ஜோலி இருந்துருக்கும்."

பொய் எழுத மனசு வரவில்லை. எங்கள் பக்கத்து மண் முழுக்க ஒரு காலத்தில் கடல். பள்ளிப் பிள்ளைகள்கூட வாய்க்கால் வெட்டுகிற இடங்களில் நத்தை மாதிரி சுருண்ட கல்லையும் சிப்பி பதிந்த கல்லையும் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். தம்பியின் நிலத்திலேயே குனிந்து ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தேன். "இது பாலைவனம் இல்லடா. கடல். இதைத்தான் எழுதுவேன்."

அவன் அந்தச் சிப்பிக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அரபு வணிகர்கள் கையைவிட்டுப் போகிற வருத்தம் முகத்தில் தெரிந்தது. ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில் சுவரில் இரண்டே வரிகள் ஏறின. 'ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. இப்போது நாங்கள் இருக்கிறோம்.' கீழே இன்னொரு வரியாக, பாலைக்கு உரிய பொருள் பிரிவு என்று சேர்க்கச் சொன்னேன். பெயிண்டர் தூரிகையைத் தூக்கிய பிறகுதான் தம்பிக்கு உறைத்தது.

"யக்கா, கல்யாணம் பண்ணிக்கப் போற ஜோடிங்க போட்டோ புடிக்க வர்ற எடம்க்கா. வாசல்லயே பிரிவுன்னு எழுதி வெப்பியா?"

அந்த வரியைக் கைவிட்டோம்.

பெயர்ப்பலகையில் மட்டும் என் சொல் எடுபட்டது. 'பாலை நகரம்' என்று நல்ல தமிழில் கொட்டை எழுத்தில் எழுதினோம். சாலையில் போகிற லாரிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மொபெட்டில் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார்.

"பால எங்கங்க ஊத்துறது?"

தம்பிக்குப் புரியவில்லை. "எந்தப் பாலு?"

"போர்டு போட்டுருக்கீங்களே, பாலை நகரம்னு. பாலை எடுக்குறதுக்குத்தான நகரம்? சொசைட்டி மாதிரி?"

அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். தம்பி அவர்களுக்கு மணல், ஒட்டகம், கூடாரம் எல்லாவற்றையும் கையால் வரைந்து காட்டினான். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க, பால எங்க ஊத்துறது?" என்றார்கள். தம்பி மனைவி உள்ளேயிருந்து ஒரு குண்டானைக் கொண்டுவந்து வைத்தாள். "இதுல ஊத்துங்கண்ணே" என்றாள். அவள் எப்போதுமே அதிகம் பேசமாட்டாள். அன்று சாயங்காலம் வாசலில் ஒரு பெஞ்சும் அடுப்பும் போட்டு டீ விற்க ஆரம்பித்துவிட்டாள். பாலைவனம் வருவதற்கு முன்பே அங்கே கூட்டம் வந்துவிட்டது.

பிறகு மணல் வந்தது. ஆற்று மணலுக்கு ஆசைப்பட முடியாது என்பதால் கல்லுடைக்கிற கிரஷரிலிருந்து கல்மணல். லோடு லோடாகக் கொட்டி, ஜேசிபியால் மேடு மேடாகத் தள்ளினார்கள். அரேபியப் பாலைவனம் பொன்னிறமாக இருக்குமாம். எங்களுடையது சாம்பல் நிறம். "மேகமூட்டமான பாலைவனம்னு வெச்சுக்கலாம்" என்றான் தம்பி.

ஒட்டகம் ஒரு சின்ன லாரியில் வந்தது. கழுத்து மட்டும் வெளியே நீண்டு, வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. ராஜஸ்தானத்து ஒட்டகம் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லியிருந்தான். கூட வந்த ஒட்டகக்காரர் வாயைத் திறந்ததும் குட்டு உடைந்தது.

"இன்னாக்கா நீ! இது மெட்ராஸ் பீச்சுல பொறந்து பீச்சுலயே வளந்தது. பாலைவனம்னா இன்னான்னே அதுக்குத் தெரியாது" என்றார் என்னிடம்.

தம்பி அதன் முன்னால் போய் நின்று, வளைகுடாவில் கற்ற அரபியில் என்னென்னவோ சொன்னான். கையைத் தட்டினான். "யல்லா, யல்லா!" என்றான். ஒட்டகம் அவன் தலைக்கு மேலாக எங்கேயோ பார்த்தது. ஒட்டகக்காரர் பீடியை அணைத்துவிட்டு, "நைனா, குந்து" என்றார். உடனே முன்னங்காலை மடக்கி அடக்கமாக உட்கார்ந்தது.

அதற்கு மணல் புதிதல்ல. கடல் இல்லாததுதான் பிடிபடவில்லை. சாயங்காலமானால் எழுந்து நின்று கிழக்கே பார்க்கும். அலை வரும், சுண்டல் விற்பார்கள், பிள்ளைகள் ஓடிவரும் என்று காத்திருக்கும். ஒன்றும் வராது. பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிடும். தம்பி மனைவி அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் சுண்டல் அவித்துக் கொடுத்தாள். அதிலிருந்து தினமும் வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் திறப்பு விழா. பெரம்பலூரில் ரயில் கிடையாது என்பதால், அரியலூர் ஸ்டேஷனில் இறங்கும் முதல் விருந்தினர்களை ஒட்டகத்தில் அழைத்து வருவதாகத் தம்பி விளம்பரம் செய்திருந்தான். ஒரு குடும்பம் நம்பி வந்தது. கணவன், மனைவி, கணவனின் மாமியார். ஒட்டகத்தில் ஏற்றப்பட்டவர் மாமியார் மட்டும்தான், அவர்தான் ஆசைப்பட்டார். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் பின்னால் ஊர்ந்துவர, எல்லா டிரைவர்களும் ஹாரன் அடிக்க, அந்த அம்மாள் சாமி ஊர்வலம் போல இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். மகளும் மருமகனும் டவுன் பஸ் பிடித்து வந்து, டீ குடித்து, குளித்து, தூங்கி எழுந்த பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். இறங்கியதும் தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எங்க வூட்டுக்காரரு உசுரோட இருந்தப்பக்கூட இவ்ளோ மரியாதையா என்னை யாரும் கூட்டிட்டு வந்ததில்ல தம்பி" என்றார். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு நாள் போதும் என்று இன்னமும் சொல்வான்.

போட்டோ எடுக்க ஒரு ஜோடியும் வந்தது. மாப்பிள்ளைக்குத் தம்பியே வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த தன் வெள்ளை அங்கியைக் கொடுத்தான். மேட்டின் உச்சியில் நிற்கவைத்து, தொலைவில் பார்க்கச் சொன்னார்கள். அப்போது அடித்த காற்றில் அங்கி கிளம்பி அவர் தலைக்கு மேல் குடை மாதிரி விரிந்துகொண்டது. உள்ளே கட்டியிருந்த கட்டம்போட்ட லுங்கி மட்டும்தான் படத்தில் விழுந்தது. அந்தப் பெண் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் கல்யாண பேனரில் அந்தப் படத்தைத்தான் போட்டார்கள்.

அந்தக் காற்றை நாங்கள் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

தம்பி நிலத்துக்குக் கிழக்கே கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயம் போட்டிருந்த ஒரு விவசாயி இருந்தார். எங்கள் பக்கத்தில் வயலையும் காடு என்றுதான் சொல்வோம். அவர் காட்டுக்கும் எங்கள் பாலைவனத்துக்கும் நடுவில் ஆள் உயரக் கிளுவை வேலி. முள்ளும் இலையுமாக அடர்ந்து கிடக்கும். ஒட்டகத்துக்கு அது அல்வா. தீவனத்தைத் தொடாமல் நாள் முழுக்க வேலியோரம் நின்று மென்றுகொண்டே இருந்தது. பார்க்க அழகாக இருக்கிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஆடி பிறந்தபோது வேலி இருந்த இடத்தில் குச்சிகள் மட்டும் நின்றன.

ஆடிக்காற்று மேற்கிலிருந்து வந்தது. சும்மா வரவில்லை. கூடாரத் துணிகள் கொடி மாதிரி படபடத்துப் பிய்த்துக்கொண்டன. பிளாஸ்டிக் ஈச்சமரம் ஒன்று சாலையைத் தாண்டி ஓடியது. டவுன் பஸ் டிரைவர் பிரேக் போட்டு அதற்கு வழிவிட்டார். மணல்மேடுகள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குள்ளமாகிக்கொண்டே வந்தன. ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, வெங்காயக் காட்டுக்காரர் தலைப்பாகையிலும் மீசையிலும் மணலோடு டீக்கடைக்கு வந்து நின்றார்.

"டீச்சர், உங்க தம்பிய வரச் சொல்லுங்க."

தம்பி வந்தான்.

"தம்பி, உங்க பாலைவனம் எங்க காட்டுக்கு வந்துருச்சு. வந்து அள்ளிட்டுப் போங்க."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆடு வந்து மேய்ந்துவிட்டது, பிடித்துக் கட்டுங்கள் என்கிற தொனியில் சொன்னார். போய்ப் பார்த்தோம். வெங்காயத்தாள் நுனிகள் மட்டும் மணலுக்கு மேலே பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஈச்சமரம் சாய்ந்து கிடந்தது. உண்மையைச் சொன்னால், எங்கள் பக்கத்தில் இருந்ததைவிட அங்கேதான் பாலைவனம் லட்சணமாக இருந்தது. ஒட்டகமும் எல்லை தாண்டிப் போய் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"காத்து அடிச்சதுக்கு நான் என்னண்ணே பண்ணுவேன்?" என்றான் தம்பி.

"காத்து எங்க காட்டுல எத்தன தலமொறயா அடிக்குது! ஒருநாளும் பாலைவனத்தக் கொண்டாந்து போட்டதில்லயே!"

நான் நடுவில் புகுந்து, ஆள் விட்டு அள்ளித் தருகிறோம், கெட்டுப்போன வெங்காயத்துக்கும் ஈடு செய்கிறோம், வேலியும் வைத்துத் தருகிறோம் என்று சமாதானம் பேசினேன். அவர் சரி என்றார். தம்பியும் தலையாட்டினான். ஆனால் ஆடி முழுக்கக் காற்று நிற்கவில்லை. அள்ளினால் மறுநாள் மறுபடி போய்விடும் என்பதால், காற்று ஓயட்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

ஆவணியில் ஆட்களோடு மண்வெட்டி, கூடை எடுத்துக்கொண்டு போனால், மணல் எல்லாவற்றையும் அவரே அள்ளித் தன் வீட்டோரம் அம்பாரமாகக் குவித்து வைத்திருந்தார். பக்கத்தில் சிமெண்டு மூட்டைகள். கொத்தனார் ஒருவர் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?" என்றான் தம்பி.

"மாடியில ஒரு ரூம்பு எடுக்குறோம் தம்பி. கொத்தனார் வந்து பாத்துட்டு, மணலு முதல்தரமா இருக்கு, வுட்றாதீங்கன்னாரு."

"அது எங்க பாலைவனம்ணே! திருப்பிக் குடுங்க!"

"எங்க காட்டுல வந்து வுழுந்தது எங்களுதுதான? எங்க தென்னமட்ட உங்க எடத்துல வுழுந்தா நீங்க எடுத்து அடுப்பெரிக்கல?"

தம்பி மனைவி டீக்கடையில் அந்தத் தென்னமட்டையைத்தான் எரித்துக்கொண்டிருந்தாள். தம்பி என்னைப் பார்த்தான். வழக்கமாக இலக்கணத்திலிருந்தோ சட்டத்திலிருந்தோ எதையாவது எடுத்து விடுகிறவள் நான். அன்று மணலில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு மறுபடி அம்பாரத்திலேயே போட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "வெங்காயத்துக்கு ஈடு வேணாம். வேலியும் நானே வெச்சுக்குறேன். ஒட்டகத்தோட சாணிய மட்டும் எங்க குப்பைக்குழிக்கு அனுப்பிருங்க." இப்படித்தான் எங்கள் பாலைவனத்தின் பெரும்பகுதி அவர் வீட்டு மாடியறைச் சுவர்களாக எழும்பி நின்றது. கிரகப்பிரவேசத்துக்கு எங்கள் எல்லோரையும் அழைத்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு என் கணவர், "நல்ல பாலைவனம்" என்றார்.

அன்று விருந்து முடிந்து திரும்பும்போது தம்பி தன் நிலத்துக்குப் போய் வெறும் பாறைமேல் உட்கார்ந்துகொண்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "ஏன்டா, அங்க இருந்தப்பல்லாம் போன்ல மணலு, வெயிலு, முடியலன்னு அழுவியே. இங்க வந்து அதையே ஏன்டா கட்டுன?"

பாறை இடுக்கில் கிடந்த மணலை விரலால் வழித்தான். "அங்க இருந்தப்ப ஊர நெனச்சு அழுதேன்க்கா. இங்க வந்தா, ஊர்ல ஒருத்தருக்கும் நான் அங்க என்ன பண்ணேன்னே தெரியல. எல்லாரும் சென்ட்டு பாட்டிலத்தான் கேட்டாங்க. சும்மா ஒருநாளு வந்து பாக்கட்டுமேன்னு தோணுச்சு. இப்புடித்தான் இருக்கும், இதுக்குள்ளதான் லாரி ஓட்டுனேன்னு."

"நாங்கதான் பாத்தமேடா."

"சாம்பக் கலர்ல பாத்தீங்க" என்றான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகும் அவன் தோளில் வைத்த கையை நான் எடுக்கவில்லை.

ஒட்டகம் தீபாவளிக்கு முன் மெட்ராஸ் திரும்பிப் போயிற்று. "இங்கத்திய சுண்டல் துன்னு துன்னு ஒடம்பு வெச்சுப் போச்சு. பீச்சுல ஓடணும்ல" என்றார் ஒட்டகக்காரர். தம்பி மனைவி வழிக்கு ஒரு தூக்குச் சட்டி நிறையச் சுண்டல் கொடுத்தனுப்பினாள். லாரியில் ஏறும்போது தம்பி அதன் காதருகே போய், அரபி கிரபி எதுவும் பேசாமல், "நைனா, பத்திரமா போ" என்றான்.

கூடாரங்கள் போட்ட சிமெண்டுத் தளத்துக்கு மேல் இப்போது தகரக்கூரை போட்டு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள் என்று விசேஷங்களுக்கு விடுகிறான். மிச்சமிருந்த மணலை ஒரு மூலையில் குவித்து வைத்திருக்கிறான். வருகிற பிள்ளைகள் அதை விட்டு எழுந்து வருவதில்லை. டீக்கடை பெரிதாகி, மத்தியானச் சாப்பாடும் போடுகிறார்கள்.

போன மாதம் ஒருநாள் பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன். பக்கத்தில் உடையார்பாளையத்துக்காரம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் கண்டக்டர் விசில் ஊதி, "ஒட்டகம்லாம் எறங்கு!" என்று கத்தினார். கொஞ்ச நாளாகவே அந்த ஸ்டாப்புக்கு அதுதான் பெயர். முன் சீட்டுப் பெண் திரும்பி, இதென்ன பேர் ஒட்டகம் என்று கேட்டாள். உடையார்பாளையத்து அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் காலத்துல ஒரு ராசா ஒட்டகப் படையோட சண்டைக்குப் போனாரு. இங்கதான் தண்ணி காட்டுனாங்க. ஆயிரம் ஒட்டகம்."

நான் இருக்கையில் நெளிந்தேன். "இல்லீங்கம்மா. ஒரே ஒரு ஒட்டகம்தான். என் தம்பி வெச்சிருந்தது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க தம்பி என்ன ராசாவா?"

"இல்லீங்க. லாரி டிரைவரு."

"அப்பறம் என்ன? வெவரம் தெரியலன்னா பேசாம வரணும்ங்க. பாத்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க." முன் சீட்டுப் பெண்ணும் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மிச்ச வரலாற்றைக் கேட்க அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு அவசரமாக இறங்கினேன். உள்ளே ஏதோ காதுகுத்து. குழந்தை ஒன்று வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. தம்பி தலைக்கு மேல் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு, அதைச் சிரிக்கவைக்க வாயைக் கோணிக்கொண்டு ஒட்டகம் மெல்வது போல ஜாடை காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அங்கிருந்தே கத்தினான்: "யக்கா, நல்ல நேரத்துக்கு வந்த! பந்தியில எல பத்தல, ஓடிப்போய் வாங்கிட்டு வா!"